ஆறு வீட்டுக்கு ஒரு போன்

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று லீலாவதி கேட்டபோது, தங்கராஜு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, போனு ஏதும் சொல்லுச்சா? ஜெராம் பக்கம் மீன்காரவங்க படகையெல்லாம் ஏத்திக் கட்டுறாங்களாம். இன்னிக்கு ஆயர் பாசாங் பெருசு, கடலு நல்லா ஏறும்னு கடையில பேசிக்கிட்டாங்க.”

“ஒண்ணும் சொல்லல,” என்றார், தலையைத் தூக்காமல்.

“அப்பச் சரி. ஒங்க போனு சொல்லலன்னா தண்ணி வராது.” பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் அவள் வீட்டில் டிவி ஓடத் தொடங்கியது.

அந்த ‘அப்பச் சரி’யில்தான் அவர் கை நின்றது. சொன்னது பொய்யில்லை. போன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எப்போதிலிருந்து சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தார். தினம் விடிந்ததும் அரிசி டின் மேலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். இன்றைக்கு வந்ததா? இல்லை. நேற்று? பக்கத்து வீட்டு வீரன் தன் லோரிக்கு டயர் மாற்றிய அன்று வந்தது. அதைக் கேட்டுத்தான் வீரன், “பெரியவருக்கு எவளோ தினமும் லெட்டரு போடுறா,” என்று கேலி பண்ணினான். அதற்கப்புறம் கேட்டதாக நினைவில்லை. பல் வலித்தால் வாயைத் திறந்து பார்க்கிறோம். வலிக்காத நாளில் எவன் பார்க்கிறான்?

சுங்கை செம்பிலாங்கிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கும் கடலைத் தடுக்கும் மண்கட்டுக்கும் நடுவில் அந்த ஆறு வீடுகள். எல்லாரும் ஒரே தோட்டத்து ஆட்கள். தோட்டம் கைமாறி வீடமைப்புக் கம்பெனிக்காரன் வந்தபோது லயத்து வீடுகளைக் காலிசெய்துவிட்டு, கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டவர்கள். மழைக்காலத்தில் கடல் ஏறும். பல வருடம் கட்டுக்கு அந்தப் பக்கமே நின்று திரும்பிவிடும். போன வருடம் திரும்பவில்லை. வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்தது. தங்கராஜு அன்று கலும்பாங்கில் தங்கை வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தார். வீட்டில் மனைவி புனிதவதி மட்டும். பாதத்தில் சர்க்கரைப் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நின்றுதான் அவள் அரிசியையும் துணிமணியையும் மேலே தூக்கிவைத்தாள். தண்ணீர் வடிந்தது, புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் மட்டும் கால் முளைக்கவா போகிறது?

அதற்குப் பிறகுதான் நூருல் வந்தாள். ஜெராமில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இனாயத்துல்லாவின் மகள், புஞ்சாக் ஆலாமில் யூனிவர்சிட்டியில் படிக்கிறவள். படிப்புக்காக அவளும் கூட்டாளிகளும் மண்கட்டின் மேல் ஒரு கம்பத்தை நட்டு, தண்ணீர் மட்டத்தை அளக்கிற பெட்டியொன்றை மாட்டினார்கள். அளந்ததை அது தினம் காலையில் மெயிலாக அனுப்பும். மட்டம் ஏறினால் எந்த நேரமானாலும் அனுப்பும். யாருடைய பெயரைச் சேர்ப்பது என்று அவள் கேட்டபோது எல்லாரும் தங்கராஜுவைக் காட்டினார்கள். மற்றவர்களெல்லாம் ஷிப்ட் வேலைக்காரர்கள், வேலை இடத்தில் போனைத் தொட முடியாது. “பெரியவரப் போடுலா,” என்றான் வீரன். “அவரு எங்கயும் போறதில்ல, எவனையும் நம்புறதுமில்ல. பொய்ச் சேதி வந்தா அவரே திட்டித் திருப்பி அனுப்பிருவாரு.” தங்கராஜுவுக்குப் பெயரைக் கொடுப்பதென்றாலே ஆகாது. தோட்டத்தில் கடைசியாகக் கணக்கெழுதும் கிராணி நீட்டிய தாளில் பெயரெழுதிக் கொடுத்தவர்கள் எந்தக் கதிக்கு ஆளானார்கள் என்று பார்த்தவர். ஆனாலும் உள்ளே படுத்திருந்தவளை நினைத்துச் சரி என்றார்.

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இப்போது உள்ளே போனார். புனிதவதி கட்டிலில் சாய்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிசி டின் மேலிருந்த போனை எடுத்து, நூருல் சொல்லிக்கொடுத்தபடி கடிதப் படத்தைத் தொட்டார். மேலே நின்ற கடைசி மெயிலில் தண்ணீர் அளவு எதுவும் இல்லை. நாலைந்து வரி மலாய், அதற்கடியில் நீல எழுத்தில் ஒரு சொல்.

அந்த மெயில் வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தோட்டத்துப் பள்ளியில் மூன்று வகுப்புப் படித்தவர். மலாய் வாயால் பேசுவாரே தவிர, எழுத்தாகக் கண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிக்க வேண்டும். அன்று அந்த நீலச் சொல்லை மட்டும் கூட்டினார். உறுதி செய் என்றிருந்தது. உறுதி செய்யச் சொல்கிறவன் எவன் என்று அவருக்குத் தெரியாதா? மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற திவாகரன் இப்படி ஒரு நீல எழுத்தை அமுக்கித்தானே சேமநிதிப் பணத்தை வழித்துக் கொடுத்துவிட்டு வந்தான். ரேடியோவில் நாள் முழுக்க அதைத்தானே சொல்கிறார்கள், தெரியாததை அமுக்காதே, அமுக்காதே என்று. “எங்கிட்டயாடா,” என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். அன்று முழுக்க மனதுக்குள் ஒரு நிமிர்வுகூட இருந்தது.

இப்போது மேல் வரிகளைக் கூட்டிப் படித்தார். ‘பெயர்’ என்ற சொல்லும் ‘நீக்கு’ என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

நூருலுக்குப் போன் போட்டார். அவள் படிப்பின் கடைசிப் பகுதியாக வேலைப் பயிற்சிக்கு வேறு ஊர் போயிருந்தாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க தாத்தா.”

“நீ நூருல்தானா?”

“நாந்தான் தாத்தா.”

“குரல மாத்திப் பேசுறானுங்க இப்ப. எங்க வீட்டுக்கு வந்தப்ப கெழவி ஒனக்கு என்னா குடுத்தா?”

அவள் சிரித்தாள். “மைலோ குடுத்தாங்க. சீனி டின்ன நீங்க பாட்டி கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருந்தீங்க. பாட்டிதான் எடம் காட்டுனாங்க.”

தங்கராஜு கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். புனிதவதி கீரையை மும்முரமாக ஆய்ந்தாள்.

“மெயிலு வரல,” என்றார்.

“வரலயா? தாத்தா, கன்பர்ம் பண்ணச் சொல்லி ஒண்ணு வந்திருக்குமே. அமுக்குனீங்களா?”

“அமுக்கல. களவாணிப் பயலுக அனுப்புனதுன்னு விட்டுட்டேன்.”

“அது நம்ம சிஸ்டம் அனுப்புனதுதான் தாத்தா. ஆட்டோமேட்டிக். செமஸ்டர் முடிஞ்சா எல்லாரையும் ஒரு தடவ கேக்கும், இன்னும் வேணுமா வேணாமான்னு. பதில் இல்லன்னா லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துரும்.”

“யாரு எடுத்தது?”

“யாரும் எடுக்கல தாத்தா. அதுவா எடுத்துரும்.”

தோட்டத்தில் ஒருவன் பெயரை வெட்டினால், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் சொல்லித்தான் வெட்டுவார்கள். வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். வெட்டின கிராணியின் முகம் தெரியும், வெட்டச் சொன்ன, வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் வீடு தெரியும். வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்கலாம், காலில்கூட விழலாம். எவனும் வெட்டாமலே ஒரு பெயர் போய்விடும் என்றால், யார் வாசலில் போய் நிற்பது? தான் அரிசி கழுவிய நேரத்திலோ தூங்கிய நேரத்திலோ அது நடந்திருக்கிறது. ஆறு வீட்டுக்குமான பெயர். லீலாவதி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

“இப்பச் சேத்து விடு,” என்றார்.

“ஒண்ணு அனுப்புறேன். அதுல நீல எழுத்த நீங்கதான் அமுக்கணும். நான் அமுக்குனா ஆகாது.”

கையிலிருந்தபடியே போன் ‘டிங்’ என்றது. அதே நீலம், அதே சொல். விரல் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி அமுக்கினார். திரை மாறி, நல்வரவு என்று மலாயில் காட்டியது.

“சேந்துருச்சு. இப்பத் தண்ணி எவ்வளவு நிக்கிது?”

“அளவு காலையிலதான் வரும் தாத்தா. மட்டம் ஏறுனா மட்டும் ஒடனே வரும்.”

“அப்ப இனிமே சத்தம் வரலன்னா ஏறலன்னு அர்த்தம்.”

“ஆமா,” என்றாள். பிறகு, அவ்வளவு வேகமில்லாமல், “முன்னாலயே ஏறியிருந்தா வராது தாத்தா. ஒரு தடவதான் அனுப்பும். மத்தியானமே அனுப்பியிருந்துச்சுன்னா, அப்ப நீங்க லிஸ்ட்ல இல்லயே.”

“அனுப்புச்சா, இல்லயா?”

“லேப்டாப்புல உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும். அது ரூம்ல இருக்கு. இப்பவே கெளம்புறேன், ஆனா ஒரு மணி நேரமாவது ஆகும். நீங்க போய்க் கட்ட ஒரு பார்வ பாக்க முடியுமா தாத்தா?”

போனை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். ஒரு வாரமாகப் பெய்த மழையில் கட்டுக்குப் போகும் பாதை கரைந்து குழம்பாகக் கிடந்தது. வாலிபனே போய் வர அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால், தான் அங்கே, புனிதவதி இங்கே. போன வருடத்தைப் போலவே. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கால்வாயைப் பார்த்தார். எப்போதும் கடல் பக்கமாக ஓடுகிற தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு காய்ந்த இலை, போகவும் இல்லாமல் வரவும் இல்லாமல், ஒரே இடத்தில் மிதந்தது. மட்டை விழுந்து எங்காவது அடைத்திருக்கலாம். அடைக்காமலும் இருக்கலாம்.

“பேர எடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள் புனிதவதி. எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“ம்.”

“போய் அவங்களுக்குச் சொல்லுங்க.”

“நூருலு பாத்துட்டுச் சொல்லட்டும். இல்லாத தண்ணிக்கு எல்லாரையும் கெளப்பிவிட்டா, நாளைக்கு எவனும் மதிக்க மாட்டான்.”

ஆய்ந்த கீரையைத் தட்டோடு தூக்கி கட்டிலை ஒட்டிய அலமாரியில், கை எட்டிய மட்டும் உயரத்தில் வைத்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்த மாத்திரைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தங்கராஜு திருப்பித் திட்டியிருப்பார். அப்படி உட்கார்ந்திருந்ததுதான் அவரைப் படியிறங்க வைத்தது.

வீரன் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். “என்னா பெரியவரே, மொகம் இப்படி இருக்கு. அவ லெட்டரு போடலயா?”

“லோரிச் சாவி எங்கடா?”

“எதுக்கு?”

“போனு ஒண்ணும் சொல்லலன்னு லீலாகிட்டச் சொன்னேன். அந்தப் போனு செத்துப் பல நாளாச்சு. என் பேரு லிஸ்ட்டுல இல்ல. அமுக்கச் சொல்லி வந்துச்சு, நான்தான் அமுக்கல. தண்ணி ஏறுதா இல்லயான்னு எனக்குத் தெரியாது. எவனுக்கும் தெரியாது.”

வீரன் கோப்பையைக் கீழே வைத்தான். “பல நாளுன்னா?”

“நீ டயரு மாத்துனியே, அதுலேர்ந்து.”

“புள்ளைங்களத் தனியா விட்டுட்டு நைட் ஓட்டம் போயிருக்கேன்லா. நேத்துக்கூட.”

“தெரியும்.”

“ஒங்க போனு இருக்குன்னுதான் போனேன்.”

“தெரியும்டா. பொறவு திட்டு. சாவிய எடு, அவளத் தூக்கணும்.”

வீரன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவு நாளில் அப்படி அவன் பார்த்ததில்லை. பிறகு எழுந்து உள்ளே போனான்.

லோரி உறுமியதும் மற்ற வீட்டுக் கதவுகள் திறந்தன. என்ன, ஏன் என்ற கேள்விக்கெல்லாம் தங்கராஜு ஒரே பதிலை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். என் பேரு இல்ல, நான்தான் விட்டுட்டேன், எனக்குத் தெரியாது. மூன்றாவது வாசலில் ஒருவர் முணுமுணுத்தார். நாலாவது வாசலில் கதவைச் சாத்திவிட்டார்கள், உள்ளே சாமான் இழுக்கும் சத்தம் கேட்டது. லீலாவதி அடுப்பின் கேஸை அடைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டபடியே, பிள்ளையோடு ரோட்டுக்கு வந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் கீழே நின்று தூக்கிப் புனிதவதியை லோரியின் திறந்த பின்தட்டில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியைத் தவிர அவள் வெளியே வந்து எத்தனையோ மாதம். இப்போது தாழ்ந்த தகரக் கூரைகளின் விளிம்புக்கும் வாழைக் கன்றுகளுக்கும் மேலே உட்கார்ந்திருந்தாள். கீழே நின்றவர்களுக்கு அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. கட்டு தெரிகிற உயரத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஒரு கையால் டிரைவர் கூண்டின் கூரையைப் பற்றிக்கொண்டு மேற்கே திரும்பினாள்.

“என்னா தெரியுது, புனிதம்?” என்று கேட்டார் தங்கராஜு.

மழை மேகம் கடலோரத்தில் மட்டும் கிழிந்து, அதன் வழியாகச் சாயங்கால வெயில் நேரே அடித்தது. செம்பனை மட்டைகளுக்கு அந்தப் பக்கம் கட்டின் விளிம்பு நெடுக ஒரே மினுக்கம். வெயிலுக்கு ஈர மண்ணும் மினுங்கும், தண்ணீரும் மினுங்கும். புனிதவதி மறு கையைப் புருவத்துக்கு மேல் குடையாகப் பிடித்தாள். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். கீழே ஆறு வீட்டு ஆட்களும், கதவைச் சாத்தியவர்கள்கூட, கழுத்தை நிமிர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முகத்தின் மேலும் வெயில் விழுந்து, அது என்ன சொல்கிறதென்று எவருக்கும் தெரியாதபடி மினுங்கியது.