தூறலும் கத்தியும் என்னுடையவை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் கரு எனக்குத் தோன்றியதல்ல. போலீஸில் இருக்கும் என் தம்பி ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தது. அதில் என் சொந்தச் சரக்கு இரண்டுதான்: ஒரு தூறல், ஒரு கத்தி.

வேறு மாதிரியும் ஆரம்பித்துப் பார்த்தேன். ‘துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தெருவே’ [வேண்டாம். சத்தத்தில் ஆரம்பிக்கும் கதைகளை எங்கள் பத்திரிகை ஆசிரியர் இரண்டாவது வரிக்குப் போகாமலே திருப்பி அனுப்பிவிடுவார்.] ‘கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒருவர் இருந்தார்’ [‘இருந்தார்’ என்று எழுதியதும் கை ஓடவில்லை.]

2

நடந்தது இவ்வளவுதான். ஒரு திருடனைப் பிடிக்கத் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனார்கள். திருடன் இருந்தது மூன்றாம் எண் வீட்டில். இவர்கள் தட்டியது நான்காம் எண்ணை. கதவைத் திறந்தவர் அந்த லென்ஸ் தேய்ப்பவர். தம்பி சுட்டான். அவர் இறந்துபோனார்.

ஏன் சுட்டாய் என்று எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள். தம்பிக்குப் பள்ளிக்கூட லீவு லெட்டர் முதற்கொண்டு எழுதிக் கொடுத்தது நான்தான்.

“அக்கா, நீதான் கதையெல்லாம் எழுதுறியே. இதக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்.”

“என் கதை ஒண்ணாவது படிச்சிருக்கியாடா நீ?”

“எல்லாத்தையும் அலமாரில பத்திரமா வச்சிருக்கேனே. ஒரு பக்கம் கசங்கியிருக்கான்னு பாரு.”

அவன் எழுதி வந்தது நாலே வரி. ‘கதவு தொறந்துச்சு. கைல என்னமோ கறுப்பா வச்சிருந்தான். பயந்துட்டேன். சுட்டுட்டேன்.’

[இப்போது படித்தால் நல்ல நடை. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.]

3

எனக்கு ஒரு வியாதி உண்டு. ‘என்னமோ’, ‘எதையோ’ என்று யாராவது எழுதியிருந்தால் கை அரிக்கும். பயிலரங்குகளில் இருபது வருஷமாக இதையேதான் ஓதுகிறேன்: பறவை என்று எழுதாதீர்கள், காக்கை என்று எழுதுங்கள், பொருளுக்குப் பெயர் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தில் ‘என்னமோ கறுப்பா’ என்பதை அடித்துவிட்டு, ‘கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி’ என்று எழுதினேன். சூழலுக்காக ஒரு தூறலைப் போட்டேன். ‘பயந்துட்டேன்’ என்பதை எடுத்துவிட்டேன். பாத்திரம் பலவீனமாகத் தெரிந்தது.

தம்பி வாசித்தான். நான் எழுதியதில் அவன் முழுசாகப் படித்தது இது ஒன்றைத்தான். கத்தி வந்த வரியில் நின்றான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். [இந்த இடத்தில் ‘ஏதும் அறியாதவளாக’ என்று ஒரு சொல் இருந்தது. பொய். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.]

“நல்லா இருக்குக்கா,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: ஒரு வாரம் கழித்து, சம்பவ இடத்தில் கைப்பற்றிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி ஒன்று. என் பதிப்பாளர் என் புத்தகத்துக்கு ஒழுங்காக ஓர் அட்டைப்படம் போட்டதில்லை. ஸ்டேஷனில் நான் எழுதியதைப் பொருளாகவே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.)

4

மாட்டிவிட்டது தூறல்தான். விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். எதையும் இரண்டு தடவை படிப்பவர். வானிலை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டார்.

“அந்த வாரம் பூரா ஒரு சொட்டு மழை இல்லையேப்பா. இந்தத் தூறல் எங்கேருந்து வந்துச்சு?”

ஒத்திகை பார்க்காத கேள்விக்கு என் தம்பிக்குப் பொய் வராது. “அது எங்க அக்கா போட்டது மேடம்.”

உள்ளே எழுந்த சிரிப்பு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. பக்கத்தில் ஒரு பெண். இறந்துபோனவருடைய அக்கா. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. வேறு ஏதோ வேலையாக வந்தவள் என்று நினைத்திருப்பார். பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்துவிட்டுப் பேசினார்.

“ரிமோட்டுங்க அது. டிவி ரிமோட்டு. வாசலுக்குப் போனாலும் கையோட எடுத்துட்டுப் போயிடுவான். வச்சிட்டுப் போனா நான் சேனல மாத்திடுவேன்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் சொன்னார்:

“எனக்கும் ஒரு நகல் குடுத்தாங்க. அந்த வெளக்கத்த யாரு எழுதுனாங்களோ, என்னமா எழுதியிருக்காங்க! படிக்கிறப்ப ஒரு நிமிஷம் எனக்கே, கத்திதான் வச்சிருந்தானோன்னு ஆயிடுச்சுங்க. எந்தம்பிய நானே சந்தேகப்பட்டுட்டேன்.”

இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். திரும்பி வரவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் எனக்குச் சம்மன் வந்தது. வியாழக்கிழமை, காலை பத்தரை.

5

ஒரு முடிவு: ‘கத்தியும் நான் போட்டதுதான் மேடம்’ என்று சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. எனக்கும் ஏதாவது கிடைக்கும். இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த பிள்ளையை நானே…

இன்னொரு முடிவு: ‘தூறல் மட்டும்தான் மேடம். எழுதுற புத்தி, சும்மா இருக்காது.’ எல்லாரும் சிரிப்பார்கள், அந்த அம்மாளும் சிரிப்பார். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். அசத்தலாக வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

தம்பியைக் கேட்டுவிடலாமே என்று போன் போட்டேன்.

“என்னடா சொல்லட்டும் நான்?”



“‘பயந்துட்டேன்’னு எழுதியிருந்தேன்ல. அத எதுக்குக்கா எடுத்த?”

வைத்துவிட்டான்.

6

இந்தக் கதை புதன்கிழமை இதழில் வருகிறது. ஆசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய தேதி. [“முடிவே இல்லாத கதைக்கு இவ்வளவு அவசரமா?” என்றார்.] என்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இங்கே இவ்வளவும் எழுதிவிட்டு, அங்கே போய் அந்த இரண்டாவது முடிவைச் சொல்லக்கூடியவள் நான். யாராவது கேட்டால், அது வெறும் கதைதானே என்று சிரித்து மழுப்பிவிடுவேன்.

அதனால் நீங்கள் வர வேண்டும். மறுநாள் பத்தரைக்கு, அதே விசாரணை அலுவலகம், முதல் மாடி, கடைசி அறை. யாரும் தடுக்க மாட்டார்கள். பின்னால் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். நான் தூறலோடு நிறுத்திக்கொண்டால் கூச்சல் போட வேண்டாம். ஒரு தடவை இருமுங்கள், எனக்குக் கேட்கும்.

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லையென்றால், அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, இந்தப் பக்கங்களைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.