ஓரமா நிறுத்து

என் அண்ணனுக்கு வீட்டில் குரலே எழும்பாது. அண்ணி முன்னால் அவன் தண்ணீர் கேட்பதுகூட மனு கொடுப்பது போலத்தான் இருக்கும். அதனால் என்னைத் திட்ட அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் கார்.

நான் புருஷனை விட்டு வந்து பதினாலு மாதம். அண்ணன் வீட்டு ஹால் சோபாதான் என் படுக்கை. கடைசி ஆள் தூங்கப் போனபிறகு கால் நீட்டலாம், முதல் ஆள் எழும்போது மடக்கிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை படித்தவள் நான். வீடு வீடாகக் காரில் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்கு ஓர் ஆய்வகத்தில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கேயே மாடியில் தங்கிக்கொள்ள ஓர் அறையும் உண்டு. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை! திங்கட்கிழமைக்குள் லைசென்ஸையோ தேர்வில் பாஸான சீட்டையோ காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை வேறொருத்திக்கு. எனக்கு ஓட்டுநர் தேர்வு வெள்ளிக்கிழமை.

பழகுகிறவள் ஓட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டுமாம். அண்ணன் உட்கார்ந்தான்.

வீட்டு வாசல் காலித் தெரு. அங்கே கிளப்புவதில் எனக்குச் சிரமமே இல்லை. இரண்டு தெரு தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் தொண்டையைச் செருமுவான்.

"ஓரமா நிறுத்து."

கண்ணாடி பார்ப்பேன், இண்டிகேட்டர் போடுவேன், ஒதுக்குவேன், நியூட்ரல், ஹேண்ட் பிரேக். அப்புறம் ஆரம்பிப்பான்.

"மாப்பிள்ளை நேத்தும் போன் பண்ணாரு. குடிக்கிறாரா? இல்ல. கை நீட்டினாரா? இல்ல. கொஞ்சம் கத்துவாரு. எந்த வீட்டுலதான் கத்தல? எத்தன நாளைக்கு இங்கயே இருக்கறதா உத்தேசம்?"

ஜன்னல் ஏற்றியிருக்கும். கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். பதில் சொன்னால் அரைமணி, வாயை மூடிக்கொண்டிருந்தால் இருபது நிமிஷம். நான் வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங் நடுவில் இருக்கும் கீறலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடித்ததும், "எறங்கு. கை நடுங்குது உனக்கு. நானே ஓட்டுறேன்" என்பான். நான் இறங்கி, காரைச் சுற்றி வந்து அந்தப் பக்கம் ஏறுவேன். மூன்று மாதம் இதே பாடம்தான்.

வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பெரிய சாலையில் அவர் சொன்னார்:

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன். நடைபாதைக்கு ஒரு சாண் இடைவெளி, நூல் பிடித்தது போல. ஹேண்ட் பிரேக் போட்டேன். அவர் ஏதோ எழுதினார். நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அவரிடமிருந்து திட்டு எதுவும் வரவில்லை. சரி, இன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, காரைச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, நான் எறங்கணுமா?"

"இல்ல மேடம்... நிறுத்தினா நான் எறங்கிடுவேன்."

"யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

ஓடும் வண்டிகளுக்கு நடுவே காரைக் கொண்டுபோய் நுழைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"எறங்குனதுக்கு மார்க் போச்சு. ஆனா நிறுத்தினது அச்சு மாதிரி இருக்கு. இனி வண்டிய ஒழுங்கா எடுத்தாத்தான் பாஸ். போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். முதல் தடவை வண்டி உதறி அணைந்தது. சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, ஒருவரும் இடம் விடுவதாக இல்லை. அந்த அறையும் தாழ்ப்பாளும் கைநழுவிப் போகின்றன என்றே நினைத்தேன். மறுபடி கிளப்பி, இண்டிகேட்டர் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் தெரிந்தது. நுழைந்துவிட்டேன்.

லைசென்ஸ் அலுவலக வாசலில் மேடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். அங்கே காத்திருந்த அண்ணன் என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். "எறங்கு."

"பாஸ்" என்று சீட்டைக் காட்டினேன். "சுத்தி வந்து ஏறுண்ணா."

ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமினான்.

"ஓரமா நிறுத்து. ஒண்ணு பேசணும்."

சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. அதை இழுத்துத் திரும்ப ஆக்ஸிலேட்டரில் வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பேசுண்ணா. ஓட்டிக்கிட்டே கேக்குறேன்."

கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "பாத்துப் போ" என்றான். வீடு வரும்வரை அவ்வளவுதான்.

வாசலில் ஒரு சாண் விட்டு நிறுத்தினேன். அவன் இறங்கி நின்று என்னைப் பார்த்தான்.

"நீ எறங்கல?"

"ஆய்வகத்துல சீட்டக் காட்டிட்டு வரேன். சாயங்காலத்துக்குள்ள வண்டி வந்துரும்."

எதிர்த்துச் சொல்ல வந்தவன், வாசலில் அண்ணியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் யாருமில்லை. வண்டியை எடுத்தேன்.