தெரிந்தவர் வந்தால் விலக வேண்டும்

பாலத்துக்கு அடியில் வேனை நிறுத்தி, ஊசி போட்டுப் போதை ஏற்றிக்கொள்பவர்களில் எத்தனை பேருக்குக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை. வேனில் இருந்த நர்ஸுக்கு 'வாயாடி' என்றே பெயர். "இவங்களைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்காதீங்க, இவங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைங்கதானே" என்று புது ஆட்களுக்கு வகுப்பெடுப்பவளே அவள்தான். எல்லாம் ஊருக்கு உபதேசம்.

அன்றைக்கு வரிசையில் வந்து அவள் எதிரே உட்கார்ந்தவன் அவளுடைய சொந்த அண்ணன். வீட்டில் அவன் பேச்சையே எடுப்பதில்லை. அவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லித்தான் அவள் கல்யாணமே நடந்தது.

தெரிந்தவர் யாராவது வந்தால் விலகிக்கொள்ள வேண்டும், வேறொருவர் ரத்தம் எடுப்பார். அதுதான் அந்த வேலையின் விதி. ஆனால் விலகினால் "யாரு அது?" என்று கேட்பார்களே! அவள் விலகவில்லை. கையைப் பிடித்து நரம்பைத் தேடினாள். முழங்கை மடிப்பு முழுக்கத் தழும்பேறிக் கிடந்தது.

"அங்க கிடைக்காதுங்க" என்று புறங்கையைத் திருப்பிக் காட்டினான். கூடப்பிறந்தவளுக்கு 'ங்க' போட்டான் பாவி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது, வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் அக்கறையாகத்தான் பேசினார். "இன்னொரு டெஸ்ட்ல உறுதியானா மருந்து இருக்குப்பா, குணமாயிடும். ஆனா தெருவுல இருக்கறவங்க கையில மாத்திரையை மொத்தமா தரமாட்டாங்க. வாங்கி வச்சு தினமும் குடுக்க ஒரு ஆள் பொறுப்பெடுத்துக்கணும். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

அவள் பக்கத்திலேயே நின்று அவன் கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். "நான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். வாயாடிக்கு வாய் வரவில்லை.

"யாரும் இல்லைங்க சார்" என்றான் அவன்.

அவன் இறங்கிப் போன பிறகு மனசு கேட்கவில்லை. குப்பை கொட்டும் சாக்கில் இறங்கி ஓடி, தூணுக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள்.

"அண்ணா..."

அவன் அவளைப் பார்க்கவில்லை, வேனைத்தான் பார்த்தான். "உள்ள போம்மா. யாராவது பாத்துடப் போறாங்க."

யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.