நேவிக்காரன்ட வைஃபை

நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பரீதா சாச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. “புள்ள நஸ்ரின், உங்கட வைஃபை லைன் இன்னும் சரிவரல்லயா? நாளைக்கு வெள்ளிக்கிழமையெல்லா.”

எனக்கு நாக்குக் கொஞ்சமும் கூசவில்லை. “இல்ல சாச்சி, வயர் அறுந்துபோச்சு. ரெண்டு நாளில வந்து மாத்தித் தாறமெண்டு கொம்பனியில சொன்னவங்க,” என்றேன். உள்ளே ஹோலில் ரவுட்டர் பச்சை வெளிச்சத்தோடு சுகமாக நின்றது.

துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில்லில், மேட்டு றோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கை சரிவில் இறங்குகிறது. கீழே டேட்டா பிடிக்காது. மேட்டு றோட்டுக்கு ஏறினால் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். சாச்சிக்கு முழங்கால் வருத்தம், ஏற மாட்டா. அவவின் மகள் ரபீக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டு எசமானியம்மா, அவள் வாயில் ‘மடம்’, வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பாள். இரண்டு வருசமாக வெள்ளிதோறும் அசர் தொழுகைக்குப் பிறகு சாச்சி எங்கள் மதிலோடு கதிரையைப் போட்டு, எங்கள் வைஃபையில் மகளோடு கதைத்து வந்தா.

அதில் மண் விழுந்தது என் மனுசன் றிஸ்வியால். உன் லைனில் யாராவது கண்டதையும் போட்டால் பொலிஸ் உன்னைத்தான் தேடி வரும் என்று அவர் வேலை செய்கிற கந்தோரில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். எங்கள் முஸ்லிம் சனத்துக்கு அந்தப் பயம் சும்மா வருவதில்லை, அதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டை மாற்றினால் போதும். ஆனால் மாற்றினால் அடுத்த நாளே சாச்சி புதுசைக் கேட்பா. அயல்வீட்டார் கேட்டு, முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வராது. ஆகவே பாஸ்வேர்டையும் மாற்றி, வைஃபையின் பேரையும் மறைத்துவிட்டு வந்து நின்றார். “பேரே தெரியாட்டி ஆர் கேக்கப்போறா? இதுதான் பெரிய பாதுகாப்பு,” என்று பெருமை வேறு.

பெரிய பாதுகாப்பு! எல்லாம் முடிந்த பிறகு டவுணில் போன் கடை வைத்திருக்கிற ஆனந்தராசாவிடம் கேட்டேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். “தங்கச்சி, பேரை மறைச்சா சிக்னல் மறையுமே? எல்லாற்ற போனிலயும் பேரில்லாமல் வந்து நிக்கும். விசயம் தெரிஞ்சவன் ரெண்டு நிமிசத்தில பேரையும் எடுத்துப்போடுவான். பாஸ்வேர்ட்தான் பூட்டு. அது நல்லதா இருந்தால் பேர் தெரிஞ்சால் என்ன, தெரியாட்டி என்ன?”

சாச்சியின் போனிலும் அப்படித்தான் வந்து நின்றது. உடுப்புக் காயப்போட்ட அன்றைக்கே மதிலுக்கு மேலால் போனை நீட்டிக் காட்டினா. ‘மறைக்கப்பட்ட நெட்வொர்க்’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது. முழுக் கோடு. சாச்சி குரலைத் தாழ்த்தினா.

“இது கீழ காம்ப்பில இருக்கிற நேவிக்காரன்டதானே புள்ள? உங்கட போனிலயும் விழுகுதா? கையைக் கிய்யை வெச்சிடாதீங்க. பொறகு வீண் கரைச்சல்.”

துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற சனம் நாங்கள். எது மறைத்து வைத்திருந்தாலும் அது நேவியுடையது என்று நினைப்போம், கண்ணையும் திருப்பிக்கொள்வோம். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஓம் சாச்சி, அவங்கடதான் போல,” என்றேன். அல்லாஹ்வே, எவ்வளவு லேசாக வந்தது!

வெள்ளி போனது. நான் சொன்ன இரண்டு நாளை நம்பிச் சாச்சி சனியும் ஞாயிறும் காத்திருந்தா. திங்கள் பொறுக்க ஏலாமல் கிண்ணியாவில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறினா. அங்கே நெட் பிடித்ததும் ரபீக்கா வெள்ளிக்கிழமை பேசி அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. செவ்வாய் காலை எங்கள் ஹோலில் வந்து குந்தி, எனக்கும் போட்டுக் காட்டினா.

“உம்மா, மடம் இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் வெக்கச் சொல்றா. இண்டைக்கே முடிவு சொல்லணுமாம். எனக்கு ஏலாது உம்மா. வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நான் வந்திடுறன்.”

“உம்மா, எங்க போயிட்டீங்க?”

“நீங்க பேசாம இருக்கிறதைப் பாத்தா இங்கயே நிக்கத்தான் சொல்றீங்க போல. சரி உம்மா. சைன் வெச்சிட்டன்.”

றிஸ்வியைக் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. சாச்சியின் போனை வாங்கி, மறைத்திருந்த பேரை அடித்து, பாஸ்வேர்டையும் போட்டுக் கொடுத்தேன். “இந்தாங்க சாச்சி, இனி எப்பவும் கதைக்கலாம்.”

சாச்சி போனைப் பார்த்தா. முழுக் கோடு. தலையைத் தூக்கி ரவுட்டரைப் பார்த்தா.

“அப்ப இது நேவிட இல்ல,” என்றா. “வயரும் அறுகல்ல.”

“இல்ல சாச்சி.”

ஏசினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. அவ ஏசவில்லை. “கேட்டா தந்தே ஆகணுமெண்டு இல்லையே புள்ள. தர ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வெள்ளிக்கிழமையே கிண்ணியாவுக்குப் போயிருப்பன்.” பிறகு போனை என்னிடமே நீட்டினா. “உங்கட பாஸ்வேர்டை இதில இருந்து அழிச்சு விடுங்க. எனக்கு அழிக்கத் தெரியா.”

எவ்வளவோ கெஞ்சினேன். நீட்டிய கையை மடக்கவில்லை. அழித்துக் கொடுத்தேன்.

பின்னேரம் றிஸ்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப அவக்குப் பேர் தெரிஞ்சுபோச்சே,” என்றார். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன் அவரை. பாதி எனக்கு விழ வேண்டியது.

அடுத்த வெள்ளி அசர் முடிந்து, அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி ஜன்னலால் பார்த்தேன். சாச்சி மேட்டு றோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தா. மற்ற வீட்டு மதில்களைப் பிடித்துப் பிடித்து, நின்று, முழங்காலைத் தடவி, திரும்பவும் ஏறினா. மேலே போய் வெயிலில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தா. கொஞ்சம் தள்ளிப் போய் அங்கேயும் தூக்கினா. பிறகு சட்டென்று காதில் வைத்து, பஸ் இரைச்சலுக்கு மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டா.

“மகள், கேக்குதா? மகள்?” என்று அவ கத்துவது எங்கள் குசினி வரைக்கும் கேட்டது.