ரஷீதாவின் நடை

...அவள்தான், நிமிர்ந்து பார்க்காமலேயே தெரிகிறது, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வரும் செருப்புச் சத்தம் இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி விழுகிறது, என்னுடையதைப் போல ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு அடி, ஒரு இழுப்பு என்று இல்லை, ஏழு வாரத்தில் இப்படி நடக்க முடியுமா என்றால் முடிந்திருக்கிறதே, ரஷீதாவுக்கு முடிந்திருக்கிறது. அதே செவ்வாய்க்கிழமை, அதே ஆபரேஷன் மேஜை, அதே டாக்டர், அவளை எட்டு மணிக்குக் கொண்டுபோனார்கள், என்னைப் பத்தரைக்கு, அவள் முதுகில் இருக்கிற தையலும் என் முதுகில் இருக்கிற தையலும் ஒரே கை போட்டது, பிறகு ஏன் அவளுக்கு இப்படி, எனக்கு அப்படி... இந்த மிஷன் ஆஸ்பத்திரி பெஞ்சில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பதற்கு ஆள் இல்லாததால் எனக்கு நானே. பன்னிரண்டு வருஷம் ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர், முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சந்திரம்மாள் டீச்சர் விசில் ஊதினால் அறுநூறு கால் ஒன்றாக எழும்பும், ஒன்றாக விழும், அப்படி நடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான், அவளோ பாலக்கரையில் வீட்டுக்குள்ளேயே இருந்தவள், வாசலுக்கு வந்தால் வண்டி, வண்டியை விட்டு இறங்கினால் இன்னொரு வாசல். யாருக்கு நடை அதிகம் தேவை என்று கேட்டிருந்தால் இந்த ஆஸ்பத்திரித் தோட்டக்காரர்கூடச் சொல்லியிருப்பார்.

வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், மெத்தைக்கு அடியில் பலகை, முதல் பத்து நாள் நாமாகத் திரும்பக் கூடாது, இரண்டு நர்சுகள் வந்து மரத்தைப் புரட்டுவது போலப் புரட்டிவிடுவார்கள், அவளை வலப்பக்கமும் என்னை இடப்பக்கமும் புரட்டிவிட்டால் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு கிடப்போம். அப்போது அவளை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது பிள்ளை பெற்றதிலிருந்து இடுப்பு போய்விட்டதாம், நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தை இறக்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம், நான் விளையாட்டு விழாவுக்குப் பெஞ்சு தூக்கிய கதையைச் சொன்னேன், சிரித்தால் தையல் இழுக்கும், இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். பதின்மூன்றாம் நாள் எழுப்பி நிறுத்தினார்கள். அவள் நின்றாள், ஆறு எட்டு வைத்தாள், ஜன்னல் வரைக்கும் போனாள், வார்டே பார்த்தது, வாசலில் நின்ற அவள் புருஷன் முஜிபுர் ரஹ்மான் கைக்குட்டையால் கண்ணை அழுத்திக்கொண்டார். பிறகு என்னை. வலது பாதம் தொங்கியது, நனைந்த துணி மாதிரி, தூக்கு தூக்கு என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல நானும் தூக்கினேன், முழங்கால் எழும்பியது, பாதம் வரவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறது, ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருஷம் ஆகலாம் என்றார் டாக்டர், வராமலே போகலாம் என்பதைச் சொல்லாமல் விட்டார், அது எனக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை நான் அவள் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் அழகிரிக்கு மின்சார இலாகாவில் வயர்மேன் வேலை, கம்பத்தில் ஏறுகிறவர், ஏறும்போது அவர் கணுக்கால் எப்படி மடங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று இப்போதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன், வீட்டுக்குள் அவர் நடந்தால் அந்தக் கணுக்காலைப் பார்க்கிறேன், கட்டின புருஷனின் கணுக்காலைப் பார்த்து வயிறு எரிகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்று காலை ரிக்‌ஷாவில் காவிரிப் பாலம் தாண்டும்போது கீழே குளிக்கிற கூட்டம், சூடு மணலில் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள், எல்லாருக்கும் பாதம் தூக்குகிறது, யாருக்கும் அது தெரியவில்லை... ஹெட்மிஸ்ட்ரஸ் ஜூன் மாதம் வரைக்கும் பார்க்கிறேன் என்றார்கள், நல்ல மனுஷி, ஆனால் ஜூன் என்றால் ஜூன்தான், காலை இழுக்கிற டிரில் டீச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்வதற்குக்கூட பெஞ்சைப் பிடிக்கவில்லை. “டீச்சரக்கா, எப்ப வந்தீங்க?” என்கிறாள், எட்டுக்கே வந்துட்டேன் என்கிறேன், அண்ணன் வரலையா என்றால் டூட்டி என்கிறேன். முஜிபுர் ரஹ்மான் குடையை மடக்கிக்கொண்டு சலாம் சொல்லுகிறார், அந்தக் குடை அவளுக்குப் பிடித்து வந்த குடை, அவர் தலையெல்லாம் வியர்வை. சோடா வாங்கி வருகிறேன் என்று போய் இரண்டு கிளாஸில் வாங்கி வந்து எனக்கும் நீட்டுகிறார், சித்திரை வெயில் சித்திரை பிறக்கும் முன்னமே வந்துவிட்டது, நான் ஒரே மூச்சில் குடிக்கிறேன். அவள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, ஆனாலும் குடிக்கவில்லை, அவர் மருந்துச் சீட்டு காட்டப் போனதும் அதைப் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டாள். பார், எவ்வளவு திமிர், வெயிலில் ஓடிப்போய் வாங்கிக் கொடுக்க ஒருவர் இருந்தால் இப்படித்தான், குடிக்கக்கூட வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறாய், ரஷீதா, என்று சொல்லுகிறேன், சொல்லும்போது என் குரல் இனிப்பாக இருக்கிறது, அந்த இனிப்பு எனக்கே கசக்கிறது. “நடந்துதான் வந்தேன், ரிக்‌ஷா வாசல்லயே நின்னுருச்சு” என்கிறாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அது ஏன் என்று யோசிக்கிற மனசு எனக்கு இல்லை.

துப்பட்டியை இழுத்து இழுத்து மடியில் சேர்த்துக்கொள்கிறாள், பிறகு என் பக்கம் நகர்ந்து, உதடு என் காதில் படுகிற மாதிரி, “டீச்சரக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கவா? உங்களுக்கு ஒண்ணுக்கு வர்றது முன்ன மாதிரி தெரியுதா?” என்கிறாள். தெரியுதே, ஏன் கேட்கிறாய் என்கிறேன். “எனக்குத் தெரியலைக்கா. நிக்கிறப்ப, இருமுறப்ப, அதுபாட்டுக்குப் போவுது. துணி வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் வந்துருக்கேன். தண்ணியே குடிக்கிறதில்ல.” எத்தனை நாளாக என்று கேட்கிறேன். “வீட்டுக்குப் போன மறுநாள்லேருந்து. தொழுகைக்கு நிக்க முடியல, கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு நிமிந்தா அந்தச் சுத்தம் போயிருது. யார்ட்ட போயி இதக் கேப்பேன்? மாமியார் நான் சோம்பேறித்தனமா தொழாம இருக்கேன்னு நெனக்கிறாங்க.” உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றால் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். “அவங்க நான் நடக்குறதப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்படுறாங்க. எப்படிச் சொல்றது? பக்ரீத் முடியட்டும்னு இருக்கேன்.” கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவள் கை சுடுகிறது, காய்ச்சலோ என்னவோ. நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது என் மண்டைக்குள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது... அப்பாடா என்று இருந்தது. ஐயோ பாவம் என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது, ரொம்ப நேரம் கழித்து இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம், ஆனாலும் அப்புறம்தான். ஏழு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று லேசாக நகர்ந்து உட்கார்ந்தது. டாக்டரிடம் சொல்லு ரஷீதா, இன்றைக்கே சொல்லு என்றேன், அதையும் சொன்னேன், சொல்லாமல் இல்லை.

அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டாள். சொன்னாயா என்றேன். “இல்லக்கா, உள்ள ரெண்டு சின்ன டாக்டருங்க நிக்கிறாங்க, எல்லாம் ஆம்பளைங்க. நடந்து காட்டச் சொன்னாங்க, நடந்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க.” அப்புறம், “நீங்களும் யார்ட்டயும் சொல்லிறாதீங்க” என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். அவர் குடையை விரித்தார், இருவரும் படி இறங்கினார்கள், அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள், துணி கட்டிக்கொண்டு இறங்குகிறாள் என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்த நடை மேல் பொறாமையாகத்தான் இருந்தது, அது போய்விடும் என்றல்லவா நினைத்தேன், ஏன் போகவில்லை.

டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் குண்டூசியால் பாதத்தில் கோடு இழுத்தார், இங்கே தெரிகிறதா, இங்கே, பெருவிரலை மேலே தூக்கு, தூக்கினேன், எங்கெங்கோ நரம்பெல்லாம் முறுக்கி நெற்றி வியர்க்கத் தூக்கினேன், விரல் சும்மா இருந்தது. எழுந்து நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு அடி, ஒரு இழுப்பு. சின்ன டாக்டர்கள் இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தார்கள். பெரிய டாக்டர் அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அதில் ரஷீதா என்ற பெயர் வந்தது, அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது, பிறகு என்னிடம், “அந்தப் பொண்ணப் பாருங்க, ஒரே நாள்ல செஞ்சோம், எவ்வளவு அழகா நடக்குது. நீங்க டிரில் டீச்சர் வேற. தெனமும் பயிற்சி பண்ணணும், மனச விட்றக் கூடாது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். நான் சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன், கதவில் கைகூட வைத்துவிட்டேன், அங்கிருந்து திரும்பி, “அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுக்கு நிக்கலை, டாக்டர். அதுபாட்டுக்குப் போவுது. உங்ககிட்ட மறைக்கிறா” என்றேன்.

அவர் முகத்திலிருந்த மலர்ச்சி போயிற்று. குண்டூசியைத் தட்டில் வைத்தார். எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அதற்குள் சிஸ்டரை வாசலுக்கு ஓடச் சொல்லிவிட்டார். ரிக்‌ஷா இன்னும் கிளம்பவில்லை, மருந்து வாங்க நின்றிருந்தார்கள் போல. அவளைத் திரும்ப அழைத்து வந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் தாண்டும்போது நின்று, “சொல்லமாட்டேன்னீங்களே” என்றாள், கோபமாக இல்லை, சாதாரணமாக, கணக்கு தப்பிவிட்டதே என்பது போல, பிறகு உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம். சிஸ்டர் வெளியே வந்து முஜிபுர் ரஹ்மானிடம் சொன்னார், எனக்கும் கேட்டது. “மூத்திரப்பை காலியாகவே இல்லீங்க, ரொம்பி ரொம்பி வழிஞ்சிருக்கு. குழாய் போட்டுருக்கோம். இன்னிக்கே சேத்துரணும், காய்ச்சலும் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டுருந்தா கிட்னி கெட்டுருக்கும். நல்லவேளை, இந்த அம்மா சொன்னாங்க.” குணமாகிவிடுமா என்று அவர் கேட்டார், ஆகலாம், நாளாகும் என்றார் சிஸ்டர், எனக்குச் சொன்ன அதே பதில். அவர் என்னிடம் வந்தார், கையில் குடை, கண் சிவந்திருக்கிறது, “டீச்சரம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு. கூடப் பொறந்த அக்கா மாதிரி செஞ்சுருக்கீங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சொகத்தக் குடுக்கட்டும்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வீட்டுக்குப் போயித் துணிமணி எடுத்துட்டு அம்மாவ அழைச்சுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் அவகூட இருக்கீங்களா? தனியா இருந்தா அழுதுகிட்டே இருப்பா.” இருக்கிறேன், போயிட்டு வாங்க என்றேன்.

வார்டு வராந்தாவின் கடைசியில் இருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை. நல்லது நடந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை, சிஸ்டரே சொல்லிவிட்டார், ஒரு உயிர் தப்பியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கதவில் கை வைத்துத் திரும்பியபோது எனக்குக் கிட்னி என்று ஒன்று இருப்பது தெரியுமா... தெரியாது. அவள் காய்ச்சல் நினைவுக்கு வந்ததா, வரவில்லை, டாக்டர் கேட்ட பிறகுதான் வந்தது. அவர் அவள் நடையைப் புகழாமல், சரிம்மா, போய் வா என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்துகொண்டு போயிருப்பேனா, ரிக்‌ஷா ஏறி, பாலம் தாண்டி, வீட்டில் போய்ப் படுத்திருப்பேனா, பக்ரீத் வரைக்கும்... தெரியவில்லை, எத்தனை தரம் அந்தக் கதவுக்குப் போய்ப் பார்த்தாலும் தெரியவில்லை. வார்டுக்குள் அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், அவள் ஏன்க்கா சொன்னீங்க என்று கேட்பாள், உன் நல்லதுக்குத்தான் ரஷீதா என்று நான் சொல்வேன், பதில் தயாராகத்தான் இருக்கிறது, அவளும் உடனே நம்பிவிடுவாள்.