பிரியங்காவுக்கு நேற்றுப் போட்டது

சின்னக் கிண்ணம், பெரிய கிண்ணம், குழிக்கரண்டி, டம்ளர் என்று ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து சுந்தரியக்கா வீட்டு வாசலில் பரப்பினேன். பிச்சாட்டூர் ஏரியை ஒட்டிய ஊர்களில் இப்படிக் கடை விரித்தாலே பாத்திரக்காரி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் விற்க வரவில்லை. திருப்பதியில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு வேலை. பள்ளிப் பிள்ளைகள் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு, அளவுக்குக் கிண்ணத்தைக் காட்டி, எழுதிக்கொள்ள வேண்டும். பருப்பு, கீரை, காய், பழம், பால், முட்டை என்று எத்தனை வகை தட்டில் விழுந்ததோ அத்தனை மார்க். வயிறு நிறைந்ததா என்று இந்தப் படிப்பாளிகள் கேட்பதில்லை. போகிற வீட்டில் எல்லாம் சோறும் ரசமும்தான். எழுதி எழுதி எனக்கே சலித்துப் போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்தது போன வருடத்துப் பட்டியல். இந்த வீட்டுக்கு நேரே பிரியங்கா, மூன்றாம் வகுப்பு என்று இருந்தது.

“மார்க்கு போடுவியாமே. பாத்துக் கரெட்டா போடும்மா” என்று சுந்தரியக்கா எதிரில் உட்கார்ந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. முன்முடி மட்டும் நரைத்திருந்தது. “ஆஸ்பத்திரில ஒருத்தங்க அத்தினி பேரு எதிர்ல என்னக் கேட்டுட்டாங்க. தெலுங்குல ‘ஏம் பெட்டி பெஞ்சாவம்மா’ன்னு. இன்னா போட்டு வளத்தன்னு கேக்கறாங்க. புள்ளைக்கு ரத்தமே இல்லியாம். எனுக்கு வாயே வரல.”

அப்படி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களை எனக்கும் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதறேன். நேத்து பிரியங்காவுக்கு என்னென்ன போட்டீங்க?”

அவர் பெரிய கிண்ணத்தைத் தொட்டார். சோறு இது நிறைய. முருங்கைக்கீரைப் பொரியல் இந்தக் கரண்டியால் ஒன்று. துவரம்பருப்பு, கத்திரிக்காய்க் குழம்பு. வேகவைத்த முட்டை. வாழைப்பழம். வேர்க்கடலை உருண்டை. டம்ளர் நிறையப் பால். எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்த மண்டலத்திலேயே இப்படி ஒரு தட்டை நான் எழுதியதில்லை.

“சூப்பர்க்கா. பாப்பா மிச்சம் எவ்வளவு வெச்சா?” போட்டதில் மிச்சத்தைக் கழித்தால்தான் தின்றது தெரியும். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

சுந்தரியக்கா எழுந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

சுவரோரம் மஞ்சள் பூசிய கலசம். பக்கத்தில் புதுப் பாவாடை சட்டை, மடிப்புக் கலையாமல். முன்னால் தலைவாழை இலை. சோறு காய்ந்து போயிருந்தது. பாலில் ஆடை படிந்திருந்தது. முட்டையைச் சுற்றி எறும்பு. மேலே, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியின் படம், சந்தனப் பொட்டோடு.

“பூவாட படைச்சோம் மேடம்” என்று பின்னால் குரல் கேட்டது. புருஷன் ஆதிநாராயணன், கொல்லையிலிருந்து சேற்றுக்காலோடு வந்திருந்தார். “கன்னிப்பொண்ணு போய்ட்டா எங்கள்ல படைப்போம். நேத்தோட வருசம் ஆச்சு. டெங்கு. படைச்சத எடுத்து எல்லாரும் துன்னணும். இவ எடுக்கவே உடல.”

‘பாப்பா’ என்று சிரித்தேனே. என்ன ஜென்மம் நான்.

“மார்க்கு எவ்ளோம்மா?” என்றார் சுந்தரியக்கா.

“முழு மார்க்குக்கா.”

“நேத்து போட்டதுக்கு.” அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “கீரயும் முட்டையும் அவ இருந்தப்ப இப்டி ஒண்ணாப் போட்டதில்லமா. கூலிக்குப் போய்க்கினு இருந்தோம். வந்து ரசம் வப்பேன். சோறும் ரசமும்தான் எம்புள்ள துன்னுச்சி. அதுக்கு எவ்ளோ? அதச் சொல்லு.”

“மேடத்த உடு சுந்தரி” என்றார் ஆதிநாராயணன்.

“படிச்ச பொண்ணு, சொல்லட்டும்.”

எனக்குத் தெரியும். அந்தத் தட்டுக்கு விழும் மார்க்கை எத்தனை வீட்டில் யோசிக்காமல் போட்டிருக்கிறேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. சாப்பாட்டைப் பார்த்து அழுத முதல் சர்வேக்காரி நானாகத்தான் இருப்பேன்.

“இன்னிக்கும் ரசந்தான வெச்சிருக்கீங்க?” என்றேன். அடுப்புப் பக்கமிருந்து மிளகும் பூண்டும் மணத்தன. “எனக்குக் கொஞ்சம் போடுங்கக்கா.”

சர்வேக்குப் போகிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுந்தரியக்கா ஒரு தட்டைக் கழுவி வந்து வைத்தார். சூடான சோறு, நடுவில் குழி பறித்து ரசம். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். நல்ல ரசம். புளிப்பு தூக்கலில்லை, தக்காளி கரைந்து, மிளகு தொண்டையில் இறங்கியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிநாராயணன் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

தட்டு காலியானதும் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றேன்.

“இன்னும் கொஞ்சம் போடுக்கா.”

சுந்தரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் குனிந்து, அடியில் தங்கிய பருப்பு மண்டியெல்லாம் வரும்படி ரசத்தைக் கலக்கி, கரண்டி நிறைய எடுத்து, சிந்தாமல் என் சோற்றின்மேல் ஊற்றினார்.