ஒரே எண் வந்தால் சிவப்பு

ஜெய்சங்கரை ஒழித்துக்கட்ட மட்டுவார்குழலிக்கு ஒரு மவுஸ் போதும் என்று தோன்றியது.

புத்தூரில் அந்த மருந்து மொத்தக் கடையில் இன்சுலின் வைக்கும் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. மணிக்கொரு தடவை அதன் கதவு மீட்டரில் தெரியும் டிகிரியைப் பார்த்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். காலை ஷிஃப்டுக்கு ஒரு பத்தி. அது பொன்மலையிலிருந்து வரும் ஜெய்சங்கருடையது. மாலைக்கு அடுத்த பத்தி. அது ஸ்ரீரங்கத்துக் குழலியுடையது. ஸ்டோர் இன்சார்ஜ் பதவி இருவரில் ஒருவருக்குத்தான் என்று முதலாளி ரெங்கநாதன் சொன்ன நாள் முதல் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் அதிகம். 4.0, 4.0, 4.0. சோம்பேறி, முதல் கட்டத்தில் அடித்துவிட்டு அப்படியே கீழே இழுத்துவிடுகிறான். அவளும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லைதான். பில் போடவே நேரம் போதவில்லை. நாலை ஒட்டித்தானே இருக்கப்போகிறது? ஆனால் அவள் 3.8 போடுவாள், 4.3 போடுவாள். பொய் எழுதவும் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

சனிக்கிழமை ஷிஃப்டுக்கு முன்பே வந்து, லேப்டாப்பை முதலாளி பக்கம் திருப்பி வைத்தாள். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் ஒரே ஒரு விதி: மேல் கட்டத்து எண்ணே அடுத்த கட்டத்திலும் வந்தால் சிவப்பு. நியாயமாக இருக்கட்டும் என்று தன் பத்திக்கும் சேர்த்தே போட்டாள். ஓகே அமுக்கியதும் ஜெய்சங்கரின் பத்தி மேலிருந்து கீழ்வரை சிவந்தது. அவளுடையது வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாருங்க சார். ஃபிரிட்ஜ் பக்கமே போகாம எழுதியிருக்காரு."

"பாத்துத்தான் எழுதினேன்," என்றான் ஜெய்சங்கர். "உங்கள மாதிரி உட்கார்ந்த எடத்துல ஜோசியம் சொல்லல."

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல."

ரெங்கநாதன் இருவரையும் அடக்கினார். அவருக்கு ஆளைவிட ஃபிரிட்ஜ் மேல்தான் சந்தேகம் வந்தது. மெக்கானிக் ரெஜிஸை வரவழைத்தார். குழலிக்கு அதுவும் சந்தோஷமே. கூட ஒரு சாட்சி.

ரெஜிஸ் தன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது பதினொன்று காட்டியது. பிறகு கதவை அகலத் திறந்தே வைத்துப் பார்த்தார். கதவு மீட்டரில் அப்போதும் 4.0.

"கூலிங் கொறஞ்சிருக்கு, மீட்டரும் செத்துப்போச்சு சார். போன மாசம் இடி விழுந்துச்சுல்ல, அன்னைக்கே போயிருக்கும். ஃபிரிட்ஜ தெருவுல வச்சாலும் இது நாலுதான் காட்டும்."

உள்ளே இருந்த மருந்தெல்லாம் குப்பைக்கு. ரெங்கநாதன் முகம் சுண்டிப்போனது. "ஒரே நம்பரா வருதே, எங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணலையா?" என்று ஜெய்சங்கர் மேல் எரிந்து விழுந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குழலிக்கு உள்ளுக்குள் இனித்தது. பதவி கைக்கு வந்த மாதிரிதான்.

அப்புறம் அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்பை விட்டுவிட்டு, வெள்ளைப் பத்தியில் விரலை வைத்து நிதானமாகக் கீழே நகர்த்தினார்.

"இவராவது தெரிஞ்சத எழுதியிருக்காரு. செத்துக் கெடந்த மீட்டர், சாயங்காலம் உங்களுக்கு மட்டும் எப்படிம்மா மூணு புள்ளி எட்டு காட்டிச்சு?"

குழலி மவுஸைத் தள்ளி வைத்தாள். ஜெய்சங்கர் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"கலர எடுக்காதீங்க. ரெண்டு பத்தியையும் அப்படியே பிரிண்ட் எடுத்துட்டு வாங்க," என்றார் ரெங்கநாதன்.

பிரிண்டர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து போனாள். நாலே எட்டு நடைதான்.